பதினைந்து மணி நேரம்

குவாங்சௌ நகரில் ஒரு குளிர்கால வெள்ளிக்கிழமை, காலை 9 மணி. அதே கணத்தில் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் உள்ள ராக் ஸ்பிரிங்ஸ் என்னும் சிற்றூரில் என்ன நேரம்? கைபேசியில் உள்ள உலகக் கடிகாரத்தைக் கேட்டால் நொடியில் விடை வந்துவிடும்: வியாழக்கிழமை மாலை 6 மணி. வேறுபாடு 15 மணி நேரம். இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. உலகம் உருண்டை என்று படித்த எவருக்கும் இது புரியும்.

கேள்வியைச் சற்றே மாற்றிப் பார்ப்போம். குவாங்சௌவுக்குப் பதிலாகச் சீனத்தின் மேற்கு விளிம்பில், மத்திய ஆசியப் பாலைநிலத்தின் ஓரத்தில் இருக்கும் காஷ்கர் நகரை எடுத்துக்கொள்வோம். காஷ்கரில் காலை 9 மணி என்றால் ராக் ஸ்பிரிங்ஸில் என்ன நேரம்? விடை மாறவில்லை. அதே முந்தைய நாள் மாலை 6 மணி; அதே 15 மணி நேரம்.

இங்குதான் ஐயம் எழ வேண்டும். குவாங்சௌ கிழக்குத் தீர்க்கரேகை 113 பாகையில் இருக்கிறது. காஷ்கர் 76 பாகையில் இருக்கிறது. இடையே 37 பாகை. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகும் என்பது பள்ளிக்கூடத்துக் கணக்கு. அப்படியானால் குவாங்சௌவில் சூரியன் உச்சிக்கு வந்து ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் கழிந்த பிறகே காஷ்கரில் உச்சிக்கு வரும். ஆனால் கடிகாரங்கள் இரண்டும் ஒரே நேரத்தில் 12 அடிக்கின்றன.

சூரியனையே சாட்சியாக வைத்துக் கணக்கிட்டால் விடைகள் வேறாகின்றன. ராக் ஸ்பிரிங்ஸ் மேற்குத் தீர்க்கரேகை 109 பாகையை ஒட்டியுள்ளது. அதற்கும் குவாங்சௌவுக்கும் இடையிலான இயற்கையான நேர வேறுபாடு சுமார் 14 மணி 50 நிமிடம். அதற்கும் காஷ்கருக்கும் இடையில் சுமார் 12 மணி 21 நிமிடம். அதாவது காஷ்கரும் ராக் ஸ்பிரிங்ஸும் பூமிப்பந்தில் ஏறக்குறைய நேரெதிர்த் தீர்க்கரேகைகளில் இருப்பவை. ஓரிடத்தில் உச்சிவெயில் காயும்போது மற்றோரிடத்தில் நள்ளிரவு. கடிகாரமோ அதை ஒப்புக்கொள்வதில்லை.

குவாங்சௌவின் கணக்கில் 10 நிமிடம்தான் பிழை. காஷ்கரின் கணக்கில் 2 மணி 39 நிமிடம். இந்தப் பிழைகள் எங்கிருந்து வந்தன என்று தேடிப் போனால், வானியலைக் காட்டிலும் இருப்புப்பாதையும் அரசாணையும் கூலித் தொழிலாளர் வரலாறும்தாம் எதிர்ப்படுகின்றன. அந்தத் தேடலைத்தான் இங்கே பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

சொட்டும் நீரும் குதிரை வேளையும்

சிறுபொழுது ஆறு என்று ஆண்டுதோறும் வகுப்பில் பாடம் நடத்துகிறவன் நான். ஒரு சிறுபொழுதுக்குப் பத்து நாழிகை என்று சொல்லும்போது, இப்போதெல்லாம் மாணவர்கள் அதை உடனே மணிக்கணக்காக மாற்றிக் கேட்கிறார்கள். கடிகாரத்துக்கு முந்திய காலத்தைக் கற்பனை செய்வது அவர்களுக்கு மட்டுமன்று, நமக்கும் கடினமாகிவிட்டது.

பழைய சீனர்கள் ஒரு நாளைப் பன்னிரண்டு பகுதிகளாகப் பிரித்தனர். ஒரு பகுதிக்கு 'ஷிச்சென்' என்று பெயர். நம் கணக்கில் அது ஐந்து நாழிகை, இன்றைய கணக்கில் இரண்டு மணி நேரம். பன்னிரண்டுக்கும் எலி, எருது, புலி என்று தொடங்கும் பன்னிரண்டு விலங்குகளின் தொடர்பு உண்டு. நள்ளிரவு எலிக்கு உரியது. நண்பகல் குதிரைக்கு உரியது. நண்பகலுக்கு இன்றும் சீனர்கள் வழங்கும் 'ஜோங்வு' என்ற சொல்லில் உள்ள 'வு' அந்தக் குதிரை வேளைதான். முற்பகலைக் குறிக்கும் சொல்லிலும் பிற்பகலைக் குறிக்கும் சொல்லிலும் அதுவே இருக்கிறது. சூரியனின் உச்சியை நடுவில் வைத்து நாளை இரண்டாக வகுத்த மொழி அது. இரவு ஐந்து யாமங்களாகப் பகுக்கப்பட்டு முரசால் அறிவிக்கப்பட்டது.

குவாங்சௌவுக்கு ஒரு தனிப் பெருமையும் உண்டு. 1316ஆம் ஆண்டில், மங்கோலிய யுவான் அரசர்களின் காலத்தில், அந்நகருக்காக ஒரு செம்பு நீர்க்கடிகாரம் வார்க்கப்பட்டது. படிப்படியாக அமைந்த நான்கு கலங்களில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நீர் சொட்டும். கடைசிக் கலத்தில் மிதக்கும் அளவுகோல் மேலெழுந்து பொழுதைக் காட்டும். பல நூற்றாண்டுகள் அந்நகரின் நேரத்தைச் சொன்ன அக்கலங்கள் இன்று பெய்ஜிங்கில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

அந்த நீர் சொன்னது குவாங்சௌவின் நேரத்தை மட்டுமே. பெய்ஜிங்கின் நேரம் என்ன என்று குவாங்சௌவில் எவரும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய தேவை இல்லை. பேரரசரின் ஆணை குதிரையேறி வந்து சேர வாரங்கள் ஆகும்போது, இரு நகரங்களுக்கும் இடையில் உள்ள பன்னிரண்டு நிமிட வேறுபாட்டால் யாருக்கு என்ன? நேர வேறுபாடு என்ற எண்ணமே, செய்தியோ மனிதரோ சூரியனோடு போட்டியிடும் வேகத்தில் பயணம் செய்யத் தொடங்கிய பிறகு பிறந்தது.

தைஷான் மனிதர்கள்

குவாங்சௌவுக்குத் தென்மேற்கே, முத்தாற்றுக் கழிமுகத்துக்கு அப்பால், தைஷான் என்ற வட்டாரம் இருக்கிறது. 1914க்கு முன் அதன் பெயர் சின்னிங். பொன் கிடைத்த செய்தி கேட்டும், பின்னர் இருப்புப்பாதை வேலைக்காகவும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவுக்குக் கப்பலேறிய சீனர்களில் மிகப் பலர் இந்த வட்டாரத்தையும் அதன் அண்டை வட்டாரங்களையும் சேர்ந்தவர்கள். அமெரிக்காவை அவர்கள் 'பொன்மலை' என்று அழைத்தார்கள்.

1865இல் சென்ட்ரல் பசிபிக் இருப்புப்பாதை நிறுவனம் சீனத் தொழிலாளரை வேலைக்கு எடுக்கத் தொடங்கியது. அதன் தொழிலாளர் படையில் விரைவிலேயே மிகப் பெரும்பான்மையினர் சீனர்களாயினர். சியெரா நெவாடா மலைகளின் கருங்கல்லைக் குடைந்தும், பனிச்சரிவுகளில் மாண்டும் அவர்கள் போட்ட பாதை, கிழக்கிலிருந்து வந்த யூனியன் பசிபிக் பாதையை 1869 மே 10 அன்று யூட்டாவின் புரொமான்டரி மேட்டில் சந்தித்தது. கடைசி ஆணி அறையப்பட்டதும் 'முடிந்தது' என்ற ஒற்றைச் சொல் தந்தியில் நாடெங்கும் பறந்தது.

அச்சொல் புறப்பட்டதும் போய்ச் சேர்ந்ததும் ஏறக்குறைய ஒரே கணத்தில். ஆனால் அக்கணத்துக்கு ஒரே பெயர் இல்லை. சூரியக் கணக்கில் புரொமான்டரிக்கும் வாஷிங்டனுக்கும் 2 மணி 22 நிமிட வேறுபாடு. புரொமான்டரிக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் 39 நிமிடம். இடையில் உள்ள ஒவ்வோர் ஊரும் தன் தலைக்கு மேலிருந்த சூரியனைப் பார்த்துத் தன் நேரத்தை வைத்திருந்தது. தந்தி முதன்முறையாக அந்த ஊர்களையெல்லாம் ஒரே கணத்துக்குள் இழுத்து வந்து நிறுத்தியபோது, அவற்றின் கடிகாரங்கள் ஒன்றையொன்று ஏற்க மறுத்தன.

தைஷானில் இருந்த குடும்பங்களுக்கு இந்தச் சிக்கல் எட்டவே இல்லை. அவர்களுக்கும் பொன்மலைக்கும் இடையிலான தொலைவை மணிக்கணக்கில் அளக்க முடியாது. 1867இல் பசிபிக் பெருங்கடலில் நீராவிக் கப்பல் சேவை தொடங்கிய பின்னும் ஹாங்காங்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோ சேர ஏறத்தாழ ஒரு மாதம் ஆயிற்று. கணவனோ மகனோ அனுப்பும் கடிதம், பணத்தோடு சேர்ந்து, அந்தக் கப்பல்களில்தான் வரவேண்டும். 'வெள்ளிக் கடிதங்கள்' என்று அவர்கள் வழங்கிய அம்மடல்களும் அவற்றைப் போன்ற பிற புலம்பெயர் சீனர் மடல்களும் 2013இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. ஒரு மடலில் 'நலமாக இருக்கிறேன்' என்று எழுதியிருந்தால், 'ஒரு மாதத்துக்கு முன்பு நலமாக இருந்தேன்' என்பதே அதன் பொருள். இன்று 15 மணி நேரம் என்று நாம் எளிதாகச் சொல்லும் வேறுபாட்டுக்கு அன்றைய அளவு அதுதான்.

கிழக்கு நோக்கிச் சென்ற அக்கப்பல்களில் இன்னொரு விந்தையும் நிகழ்ந்தது. 180 பாகைத் தீர்க்கரேகையைக் கடக்கும்போது மாலுமிகள் நாட்குறிப்பில் ஒரே தேதியை இருமுறை எழுதினார்கள். கூலிக்குச் சென்ற அம்மனிதர்களுக்குப் பொன்மலை முதன்முதலில் அளித்தது கணக்கில் வராத ஒரு நாள்.

இரண்டு நண்பகல்கள் வந்த நாள்

1870களிலும் 1880களின் தொடக்கத்திலும் அமெரிக்க இருப்புப்பாதை நிறுவனங்கள் ஏறத்தாழ ஐம்பது வெவ்வேறு நேரங்களைப் பின்பற்றின. ஒரே நிலையத்தில் இரண்டு நிறுவனங்களின் வண்டிகள் நின்றால் இரண்டு கடிகாரங்கள் தொங்கும்; ஊர் நேரத்துக்கு மூன்றாவது கடிகாரம். ஒற்றைத் தடத்தில் எதிரெதிரே வரும் வண்டிகளுக்கு இது வெறும் தொல்லை மட்டுமன்று, உயிராபத்து.

இதைத் தீர்த்தது அரசன்று. இருப்புப்பாதை நிறுவனங்களே கூடிப் பேசி, வில்லியம் ஆலன் என்ற செயலாளர் வகுத்த திட்டத்தை ஏற்றுக்கொண்டன. 75, 90, 105, 120 ஆகிய மேற்குத் தீர்க்கரேகைகளை மையமாகக் கொண்டு நாடு நான்கு நேர மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது. 1883 நவம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை. தந்தி வழியே சைகை வர, கடிகாரங்கள் திருத்தப்பட்டன. மண்டலத்தின் கிழக்குப் பகுதியில் இருந்த ஊர்களில் ஒரு முறை 12 அடித்த கடிகாரம், பின்னுக்குத் தள்ளி வைக்கப்பட்டு மறுபடியும் 12 அடித்தது. 'இரண்டு நண்பகல் நாள்' என்று அது பெயர் பெற்றது. அமெரிக்கப் பேராயம் இதற்குச் சட்டம் இயற்றியது 1918 மார்ச் 19 அன்றுதான். முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கும் மேலாக நாட்டின் பொதுவான நேரத்துக்கு நாடு முழுவதற்குமான சட்டம் என்று ஒன்றில்லை. அது வணிக நிறுவனங்களின் கால அட்டவணையாகவே நிலவியது.

ராக் ஸ்பிரிங்ஸ் யூனியன் பசிபிக் பாதையில் அமைந்த ஊர். அப்பாதையின் எஞ்சின்களுக்கு நிலக்கரி தருவதற்காகவே வளர்ந்த ஊர் என்றும் சொல்லலாம். சுரங்கங்களும் அதே நிறுவனத்தின் கையில் இருந்தன. அது 105 பாகைக்குச் சற்று மேற்கே இருப்பதால், புதிய நேரத்தின்படி அங்கே சூரியன் உச்சிக்கு வருவது சுமார் 12 மணி 17 நிமிடத்துக்கு. இந்தப் 17 நிமிடத்தை நினைவில் வைத்துக்கொள்க, பின்னர் தேவைப்படும்.

1884 அக்டோபரில் வாஷிங்டனில் கூடிய பன்னாட்டுத் தீர்க்கரேகை மாநாட்டில் 25 நாடுகள் பங்கேற்றுக் கிரீன்விச்சை உலகின் முதல் தீர்க்கரேகையாகத் தெரிவு செய்தன. ஜப்பான் பங்கேற்றது. ஹவாய்த் தீவு அரசும் பங்கேற்றது. சீனம் அங்கு இல்லை. அமெரிக்காவோ அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், 1882இல், சீனத் தொழிலாளர் உள்ளே வருவதைத் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியிருந்தது.

1885 செப்டம்பர் 2

ராக் ஸ்பிரிங்ஸுக்குச் சீனத் தொழிலாளர் கொண்டுவரப்பட்டது 1875இல், வெள்ளைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தை முறியடிக்க. குறைந்த கூலிக்கு அவர்களை வைத்து மற்றவர்களின் கூலியை அழுத்துவது நிறுவனத்தின் வழி. பகை நிறுவனத்தின் மேல் செல்லவில்லை. பக்கத்தில் குனிந்து கரி வெட்டுபவன் மேல் சென்றது. பத்தாண்டுகளில் சீனர்களே அங்கு பெரும்பான்மைச் சுரங்கத் தொழிலாளர்களாக இருந்தனர். வேலைநிறுத்தத்தில் சேர அவர்கள் மறுத்தது பகையை இன்னும் முற்றச் செய்தது.

1885 செப்டம்பர் 2ஆம் நாள் நடந்ததைப் பற்றி, உயிர்தப்பிய சீனத் தொழிலாளர்கள் அதே மாதம் தம் நாட்டுத் தூதருக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார்கள். நூற்றுக்கணக்கானோர் கையொப்பமிட்ட அந்த ஆவணத்தில் என்னை உலுக்கியது அதன் நேரக் குறிப்புகள். காலை 7 மணி தாண்டியதும் ஆறாம் எண் சுரங்கத்தில் கைகலப்பு. பிற்பகல் சுமார் 2 மணிக்கு ஆயுதம் தாங்கிய கூட்டம் சீனர் குடியிருப்பை நோக்கி வந்தது. மாலை 4 மணி முதல் இரவு 9 மணி தாண்டும் வரை வீடுகள் ஒவ்வொன்றாக எரிந்து தீர்ந்தன.

இருபத்தெட்டுப் பேர் கொல்லப்பட்டனர். பதினைந்து பேர் காயமுற்றனர். எழுபதுக்கு மேற்பட்ட வீடுகள் சாம்பலாயின. குன்றுகளுக்குள் ஓடியவர்களை இருப்புப்பாதை வண்டிகள் பின்னர் ஏற்றிச் சென்றன. ஒரு வாரம் கழித்து, சான் பிரான்சிஸ்கோவுக்குப் போகிறோம் என்று நம்பி வண்டியேறியவர்களை, படைவீரர் காவலுடன், அதே ராக் ஸ்பிரிங்ஸில் கொண்டுவந்து இறக்கினார்கள். கரி வெட்டியாக வேண்டுமே! கைது செய்யப்பட்ட பதினாறு பேர் மீது பெருஞ்சான்றாயர் குழு குற்றம் சாட்ட மறுத்தது. ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. இழந்த உடைமைகளுக்கு ஈடாக அமெரிக்கப் பேராயம் சுமார் 1,47,000 டாலர் வழங்கியது. உயிர்களுக்கென்று ஏதும் இல்லை.

விண்ணப்பத்தின் நேரக் குறிப்புகளுக்குத் திரும்புவோம். பிற்பகல் 2 மணி, காலை 7 மணி என்ற இந்த மொழி யாருடையது? குதிரை வேளை, ஆட்டு வேளை என்று பொழுதளந்த ஊரிலிருந்து வந்த மனிதர்கள், தமக்கு நேர்ந்ததைச் சான்றாக்க, இருப்புப்பாதையின் மணிக்கணக்கைக் கைக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கடிகாரத்துக்கு அப்போது இரண்டு வயதுகூட நிறையவில்லை. அதன் தேவையை உண்டாக்கிய தண்டவாளங்களைப் போட்டவர்கள் இவர்களின் ஊரார். அந்த நேரத்தை வைத்து முறையிட்டும் நீதி கிடைக்கவில்லை. ஆயினும் இன்று வரலாற்றாசிரியர்கள் அந்த நாளை மணிக்கு மணி சொல்ல முடிகிறதென்றால் அதற்கு அவ்விண்ணப்பம் ஒரு முதன்மைச் சான்று.

இப்போது அந்தக் கைபேசிக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ராக் ஸ்பிரிங்ஸில் செப்டம்பர் 2 பிற்பகல் 2 மணி என்றால், தைஷானில் செப்டம்பர் 3 விடியலுக்கு முந்திய ஐந்து மணி. இரவின் ஐந்தாம் யாமம் முடிந்து கிழக்கு வெளுக்கப்போகும் பொழுது. குவாங்சு பேரரசரின் பதினோராம் ஆட்சியாண்டு; சந்திரக் கணக்கில் ஏழாம் மாதத்துத் தேய்பிறை. இறந்தோரின் ஆவிகளுக்குப் படையலிடும் மாதம் அது. அடுப்பு மூட்டவும் தண்ணீர் எடுக்கவும் அங்கே பெண்கள் எழுந்திருப்பார்கள். கடிதம் வரும்வரை அவர்களுக்கு அது மற்றுமொரு விடியல்தான். 15 மணி நேரம் என்ற எண்ணுக்குள் இப்படியொரு விடியலும் இருக்கிறது என்பதை உலகக் கடிகாரம் சொல்வதில்லை.

கதைக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. தைஷானில் பிறந்து அமெரிக்காவில் இருப்புப்பாதைத் தொழிலாளியாகவும் பின்னர் சியாட்டிலில் ஒப்பந்தக்காரராகவும் வாழ்ந்தவர் சின் ஜீ ஹீ. 1886இல் சீனர்களை விரட்ட அந்நகரில் எழுந்த கலவரத்தைக் கண்டவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊர் திரும்பிய அவர், புலம்பெயர்ந்த சீனர்களிடம் பணம் திரட்டி, அந்நிய முதலீடு இல்லாமல் சின்னிங் இருப்புப்பாதையை அமைத்தார். 1906இல் பணி தொடங்கி 1909இல் வண்டி ஓடியது. வண்டி ஓடினால் அட்டவணை வேண்டும்; அட்டவணைக்கு மணியும் நிமிடமும் வேண்டும். பொன்மலையில் ஊரார் கற்றுக்கொண்ட நேரம் அப்படித் தைஷானுக்கும் வந்து சேர்ந்தது. ஜப்பானியப் படையெடுப்பின்போது, பகைவர் கையில் சிக்காதிருக்க, அந்தத் தண்டவாளங்களைச் சீனர்களே பெயர்த்தெடுத்தார்கள்.

ஐந்து நேரங்கள் ஒன்றான கதை

சீனத்துக்குப் புதிய நேரம் கடல் வழியே வந்தது. ஷாங்காயில் இயேசு சபைத் துறவிகள் நிறுவிய சுஜியாஹுயி வானாய்வகம் 1880களில் துறைமுகக் கப்பல்களுக்கு நேரம் அறிவித்தது. 1902இல் சுங்கத் துறை, கிழக்குத் தீர்க்கரேகை 120 பாகையை ஒட்டிக் 'கடற்கரை நேரம்' ஒன்றை வகுத்தது.

பேரரசு வீழ்ந்து குடியரசு பிறந்த 1912இல், பெய்ஜிங் மத்திய வானாய்வகம் நாட்டை ஐந்து நேர மண்டலங்களாகப் பிரிக்கும் திட்டத்தை முன்வைத்தது. சீனம் கிழக்கு மேற்காக 60 பாகைக்கு மேல் பரந்த நாடு. ஐந்து மண்டலம் என்பது வானியலுக்குப் பொருந்திய கணக்கு. கிழக்கோரச் சாங்பை மண்டலம் கிரீன்விச்சுக்கு எட்டரை மணி முன்னே. மேற்கோரக் குன்லுன் மண்டலம் ஐந்தரை மணி முன்னே. காஷ்கர் அந்தக் குன்லுன் மண்டலத்துக்குரியது. உள்நாட்டுப் போர்களும் ஜப்பானியப் படையெடுப்பும் நாட்டைச் சிதைத்த அந்தப் பல்லாண்டுகளில் அத்திட்டம் ஒழுங்காக நடைமுறைக்கு வந்ததாகச் சொல்ல முடியாது. ஆயினும் காஷ்கரின் சூரியனுக்கு ஏட்டளவிலேனும் ஓர் இடம் இருந்தது.

1949இல் மக்கள் குடியரசு அமைந்ததும் அந்த ஏடு மூடப்பட்டது. நாடு முழுமைக்கும் ஒரே நேரம். அதன் பெயர் 'பெய்ஜிங் நேரம்'. நூற்றாண்டுக் காலம் அந்நியரால் கூறுபோடப்பட்ட ஒரு நாடு, தன் ஒருமையைக் கடிகாரத்திலும் காட்ட விரும்பியதைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஒரு வேடிக்கை என்னவென்றால், அந்த நேரம் பெய்ஜிங்கின் சூரிய நேரமும் அன்று. பெய்ஜிங்குக்குக் கிழக்கே 120 பாகையில் உள்ள கோட்டின் நேரம் அது. பெய்ஜிங்கின் சூரியன் அதற்கு 14 நிமிடம் பின்தங்கியே உச்சிக்கு வரும். அந்நேரத்தைக் காக்கும் தேசிய நேரச் சேவை மையமும் பெய்ஜிங்கில் இல்லை, சியான் நகரையடுத்த லின்டோங்கில் இருக்கிறது. பெயரில் மட்டும் தலைநகரம்.

குவாங்சௌவில் இந்த ஏற்பாட்டால் நண்பகல் சுமார் 12 மணி 27 நிமிடத்துக்கு நேர்கிறது. ராக் ஸ்பிரிங்ஸின் 17 நிமிடத்தை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? 27இல் 17 போக 10. முதலில் கண்ட அந்தப் 10 நிமிடப் பிழையின் விளக்கம் இதுதான். இரு நாடுகளின் பிழைகளும் ஒரே திசையில் அமைந்து ஒன்றையொன்று பெரும்பாலும் கழித்துவிட்டன.

காஷ்கரின் நண்பகல்

காஷ்கருக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை. அங்கே சூரியன் உச்சிக்கு வரும்போது பெய்ஜிங் நேரம் பிற்பகல் 3 மணியை நெருங்கியிருக்கும். மார்கழிக் குளிரில் பொழுது விடியக் காலை 10 மணி தாண்டும். கோடையில் இரவு 10 மணிக்கும் வெயில் இருக்கும். சீனத்திலிருந்து வாக்ஜிர் கணவாய் வழியே ஆப்கானிஸ்தானுக்குள் அடியெடுத்து வைப்பவர் தம் கடிகாரத்தை மூன்றரை மணி நேரம் பின்னுக்குத் திருப்பவேண்டும்.

எந்தச் சமூகமும் நள்ளிருளில் எழுந்து உலையேற்ற விரும்பாது. எனவே சிஞ்சியாங் பகுதியில் அலுவலகங்கள் காலை 10 மணியளவில் திறக்கின்றன. அதோடு, பெய்ஜிங்கைவிட இரண்டு மணி நேரம் பின்தங்கிய ஓர் உள்ளூர் நேரமும் மக்களிடையே வழங்கிவந்திருக்கிறது. உய்குர் மக்கள் பலர் வீட்டிலும் கடைத்தெருவிலும் அதைப் பின்பற்ற, ஹான் சீனர்கள் பெய்ஜிங் நேரத்தைப் பின்பற்றினார்கள். ஒரே தெருவில் இருவர் சந்திக்க நேரம் குறித்தால், 'எந்த நேரம்?' என்று கேட்டுக்கொள்ள வேண்டும். 1883க்கு முந்திய அமெரிக்க நிலையங்களில் தொங்கிய இரண்டு கடிகாரங்கள், காஷ்கரில் இரண்டு இனங்களின் மணிக்கட்டுகளுக்கு வந்துவிட்டன.

அமெரிக்க நிலையத்தில் அது குழப்பம் மட்டுமே. இங்கே அது அடையாளம். 2018இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு சிஞ்சியாங் தடுப்பு முகாம்களைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில், கைக்கடிகாரத்தை உள்ளூர் நேரத்துக்கு வைத்திருந்ததே ஒருவரைத் தடுத்து வைக்கக் காரணமானது என்ற சாட்சியம் இடம்பெற்றது. தலைக்கு மேல் இருக்கும் சூரியனோடு ஒத்துப்போவது குற்றமாகக் கருதப்படும் நிலை வந்த பிறகு, நேர வேறுபாடு என்பதை இயற்கையின் செயல் என்று யாரும் சொல்ல முடியாது.

கணக்கின் மிச்சம்

தொடங்கிய கேள்விக்கே வருகிறேன். 15 மணி நேரம் என்ற விடையும் ஆண்டு முழுதும் செல்லாது. மார்ச் மாதத்து இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் மாதத்து முதல் ஞாயிறு வரை அமெரிக்கர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கிறார்கள். 2007 முதல் இந்தத் தேதிகள். சீனம் 1986 முதல் 1991 வரை கோடை நேரத்தைப் பரிசோதித்துவிட்டுக் கைவிட்டது. ஆகவே கோடையில் வேறுபாடு 14 மணி நேரம். குவாங்சௌவோ ராக் ஸ்பிரிங்ஸோ ஓர் அங்குலமும் நகரவில்லை. எண் மட்டும் மாறுகிறது.

சூரியன் சொல்லும் 14 மணி 50 நிமிடம் நமக்கு முன்பும் இருந்தது, நமக்குப் பின்பும் இருக்கும். கடிகாரம் சொல்லும் 15, அமெரிக்க நிறுவனங்களின் ஒரு கூட்டத்திலும் பெய்ஜிங்கின் ஓர் ஆணையிலும் பிறந்தது. காஷ்கரில் அது மனிதர்களின் விடியலை இரண்டரை மணி நேரத்துக்கு மேல் இடம்பெயர்த்திருக்கிறது. பொதுநேரம் வேண்டாம் என்பதல்ல என் வாதம். ஒற்றைத் தடத்தில் எதிரெதிரே வரும் வண்டிகளுக்கு அது வேண்டும். இன்றைய உலகில் நாம் எல்லோரும் ஒருவகையில் ஒரே தடத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கிறோம். யாருடைய நண்பகலைப் பொதுவென்று கொண்டோம், அதற்காக யாருடைய நண்பகலை விட்டுக்கொடுக்கச் சொன்னோம் என்ற கேள்வியை மறந்துவிடலாகாது என்பதுதான்.

ராக் ஸ்பிரிங்ஸில் இப்போது சுமார் 23,500 பேர் வாழ்கிறார்கள். குவாங்சௌவின் மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பின்படி 1 கோடியே 86 லட்சத்துக்கு மேல். இவ்விரண்டையும் கைபேசித் திரையில் அடுத்தடுத்து வைக்கக் காரணம் உள்ளவர் உலகில் சிலரே இருப்பார்கள். 2025 செப்டம்பர் 2 அன்று, படுகொலையின் 140ஆம் ஆண்டு நினைவாக, ஒரு சீனச் சுரங்கத் தொழிலாளியின் வெண்கலச் சிலை ராக் ஸ்பிரிங்ஸில் திறந்து வைக்கப்பட்டது. அன்று தைஷானில் செப்டம்பர் 3 பிறந்துவிட்டிருந்தது. கோடைக் கணக்கில், 14 மணி நேர வேறுபாடு.